கொழும்புப் புகை: இந்தியாவிலிருந்து வருவதா, காலி வீதியிலிருந்து வருவதா?

மாடிவீட்டு_அம்மா · வெள்ளவத்தை

இந்தக் கிழமை முழுக்க போனில் உள்ள வளித்தரச் செயலி செம்மஞ்சள் நிறத்திலேயே நிற்கிறது. காலையில் பல்கனிக் கதவைத் திறந்தால் கடல் பக்கம் வெள்ளையாக மங்கிக் கிடக்கிறது. பனி என்கிறார் மாமி. கொழும்பில் ஏது பனி? மகனுக்கு எட்டு வயது, முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறது. மார்கழி, தை வந்தால் இரவு இருமல் கூடிவிடும்.

இது இந்தியாவிலிருந்து காற்றில் வருவது, நாம் செய்ய ஒன்றுமில்லை என்கிறார் வீட்டுக்காரர். எங்கள் வாசலில் போகும் காலி வீதியின் பஸ்களைத் திருத்தினால் எல்லாம் சரியாகும் என்கிறார் கீழ்வீட்டு அக்கா. இரண்டு பேரும் அடித்துப் பேசுகிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: எங்கிருந்து வருகிறது, பிள்ளைக்கு எவ்வளவு கூடாது, வீட்டில் என்ன செய்யலாம்?

கடற்காற்று · தெஹிவளை

செயலியை அழித்துவிடுங்கள் தங்கச்சி, பாதி வருத்தம் போய்விடும். கொழும்பு டெல்லி இல்லை. மூன்று பக்கம் கட்டடம் இருந்தாலும் ஒரு பக்கம் கடல் இருக்கிறது. எவ்வளவு புகை விட்டாலும் பின்னேரத்துக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். நாற்பது வருடமாக இங்கே இருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

காற்றுமானி · நுகேகொடை

வீட்டுக்காரர் சொல்வதும் சரி, கீழ்வீட்டு அக்கா சொல்வதும் சரி. ஆனால் இரண்டும் ஒரே நாளுக்குப் பொருந்தாது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை எங்களுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. அது வரும் வழியில் இந்து சமுத்திரம் மட்டும்தான், ஊரும் இல்லை தொழிற்சாலையும் இல்லை. அந்த மாதங்களில் கடற்காற்று ஐயா சொல்வது பெரும்பாலும் உண்மை. நவம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வருகிறது. வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? கங்கைச் சமவெளி. செங்கல் சூளை, நிலக்கரி மின்நிலையம், குளிருக்கு மூட்டும் நெருப்பு, அறுவடை முடிந்த வயல்களில் எரிக்கும் பயிர்த்தாள், கோடிக்கணக்கான வாகனம். பெரிய தூசு பக்கத்திலேயே விழுந்துவிடும். 2.5 மைக்ரோனுக்குக் குறைந்த நுண்துகள் அப்படி விழாது. மழை பெய்து கழுவாவிட்டால் நாட்கணக்கில் மிதக்கும், ஆயிரம் கிலோமீற்றர் தாண்டியும் வரும்.

2022 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். மண்டோஸ் புயல் விரிகுடாவில் நின்ற நேரம், வடக்கிலிருந்து குளிர்காற்றையும் புகையையும் சேர்த்து இழுத்து இங்கே கொட்டியது. டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுக்கப் பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். வடக்கு, கிழக்கில் மாடுகள் குளிரில் செத்ததும் அதே நாட்களில்தான். அந்தப் புகையை மருதானைச் சந்தி பஸ்கள் விடவில்லை.

வேறுபாட்டை நீங்களே வீட்டிலிருந்து கண்டுபிடிக்கலாம். செயலியில் கொழும்பை மட்டும் பார்க்காமல் யாழ்ப்பாணம், கண்டி போன்ற இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். எல்லா இடமும் ஒன்றாக ஏறி, இரவு பகல் வித்தியாசமில்லாமல் இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால் அது தூரத்திலிருந்து வந்தது. கொழும்பு மட்டும் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை ஏறி, மதியம் இறங்கி, பின்னேரம் ஐந்துக்குப் பிறகு மறுபடி ஏறினால், அது முழுக்க எங்களுடையது. இந்த மாதங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரவில் காற்று அசையாது. தரை குளிர்ந்து, மேலே சூடான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். இரவு விட்ட புகை விடியும்வரை தெருமட்டத்திலேயே கிடக்கும். அதனால்தான் காலையில் மோசம். வெயில் ஏறத் தரை சூடாகி, மூடி கலைந்துவிடும்.

மாடிவீட்டு_அம்மா · வெள்ளவத்தை

இப்போதே பார்த்தேன். யாழ்ப்பாணமும் ஏறித்தான் இருக்கிறது, ஆனால் கொழும்பு அளவுக்கு இல்லை. காலையில் இங்கே தனியாக ஒரு மேடு தெரிகிறது. அப்படியென்றால் இரண்டும் கலந்ததா?

காற்றுமானி · நுகேகொடை

ஓம், கலந்ததுதான். இந்தியாவிலிருந்து வந்தது அடியில் கிடக்கும், எங்களுடையது அதன் மேல் ஏறும்.

கராஜ்_மாமா · தெமட்டகொடை

எங்களுடையதைப் பற்றி நான் சொல்கிறேன். டீசல் எஞ்சினுக்குள் கைவிட்டே வயது போனது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இளசுகளுக்கு அது தெரியாது. 2002 ஜூன் வரை பெற்றோலில் ஈயம் கலந்து வந்தது. அதை நிறுத்தினார்கள். அப்புறம் இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோ. பெற்றோலோடு ஒயிலையும் சேர்த்து எரித்து, பின்னால் நீலமாகப் புகைவிட்டு, டப டப என்று போகுமே, அதை இறக்குவதையும் நிறுத்தினார்கள். மிச்சமிருந்தவை கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துவிட்டன. 2008இல் மேல் மாகாணத்தில் புகைப் பரிசோதனை தொடங்கியது. சான்றிதழ் இல்லாமல் வருடாந்த லைசன்ஸ் எடுக்க முடியாது. தொண்ணூறுகளில் பொரளைச் சந்தியில் நின்றவனைக் கேளுங்கள், வெள்ளைச் சட்டையின் கொலர் மத்தியானத்துக்குள் என்ன நிறமாகும் என்று.

இப்போது கெட்டது. பரிசோதனை வருடத்துக்கு ஒருநாள். வண்டி ஓடுவது மிச்ச நாளெல்லாம். டீசல் வண்டிக்காரர் சிலர் பரிசோதனைக்கு முதல்நாள் கராஜுக்கு வருவார்கள். "பம்பைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கோ" என்பார்கள். எஞ்சினுக்குப் போகும் டீசலைக் குறைத்தால் இழுவை போய்விடும், புகையும் போய்விடும். சான்றிதழ் கையில் வந்ததும் திரும்ப வருவார்கள், "இப்ப கூட்டிவிடுங்கோ". கூட்டினால் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும், பின்னால் வருகிறவன் முகத்தில் கரி. இது ரகசியமே இல்லை, தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வீதியில் திடீரென்று நிறுத்திச் சோதித்தால் மட்டும்தான் இதைப் பிடிக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை நாள் குறித்து வைக்கும் பரிசோதனையில் பிடிபடவே படாது.

கறுப்புப் புகை என்றால் என்ன? எரியாத டீசல்தான். டீசலைத் தெளிக்கும் ஊசி (இன்ஜெக்டர்) தேய்ந்தால், காற்று வடிகட்டி அடைத்தால், தாங்காத பாரம் ஏற்றினால் கறுப்பு வரும். வெள்ளைப் புகையும் நீலப் புகையும் வேறு வருத்தம். ஆக, புகை விடும் வண்டி டீசலையும் வீணாக்குகிறது. முதலாளிக்கு நட்டம். ஆனால் அவர் பழைய ஊசியை மாற்றுவதற்கு வேண்டிய காசையும் அன்றன்றைக்குப் போகும் டீசல் காசையும் சேர்த்துப் பார்க்க மாட்டார். முதலாவது மொத்தமாகக் கேட்கும், இரண்டாவது சில்லறையாகப் போகும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்த வாகனம் இறக்க மறுபடி விட்டது 2025இல்தான். அந்த ஐந்து வருடமும் கொழும்பின் வண்டி எல்லாம் ஒன்றாகக் கிழடு தட்டியது. உதிரிப்பாகமும் யானை விலை. 2022இல் டொலர் இல்லாத நேரம் நாங்கள் என்னென்ன ஒட்டு வேலை செய்து வண்டிகளை அனுப்பினோம் என்று எழுதினால் தளத்தையே மூடிவிடுவார்கள். மண்ணெண்ணெய்க் கதையும் இருக்கிறது. 2022 ஆகஸ்ட்டில் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏற்றும் வரை, டீசலிலும் பெற்றோலிலும் அதைக் கலந்து ஓட்டியவர்கள் இருந்தார்கள். விலை ஏறியதும் அந்தப் பழக்கம் தானாகவே குறைந்தது. சட்டம் செய்யாததை விலை செய்தது.

138_நடத்துனர் · மஹரகம

மாமா நன்றாக எழுதினீர்கள், ஆனால் எல்லாப் பழியும் பஸ்ஸின் தலையிலேயே விழுகிறது. நாங்கள் ஒரு வண்டியில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போகிறோம். பக்கத்தில் அறுபது பேர் அறுபது காரில், ஏ.சி.யும் போட்டு, கண்ணாடியும் ஏற்றி, நுகேகொடை மேம்பாலத்தடியில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கிறார்கள். வீதியை அடைத்தது யார்? அடைத்ததால்தான் நாங்கள் முதலாம் கியரிலேயே ஊர்ந்து, நின்று, ஊர்ந்து கரி கக்குகிறோம். வீதி ஓடினால் பஸ் இவ்வளவு புகைக்காது.

காலையில் கொழும்பு 7 பாடசாலைகளின் வாசலைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வண்டி. இலகு ரயில் போடுவதாகச் சொன்னார்கள், ஜப்பான்காரன் கடன் தரவும் வந்தான். 2020இல் வேண்டாம் என்று நிறுத்தினார்கள். ரயில் என்று இருப்பதும் டீசல்தான். மருதானை மேடையில் நின்றால் எஞ்சின் கிளம்பும் நேரம் மூச்சை அடக்க வேண்டும்.

கராஜ்_மாமா · தெமட்டகொடை

தம்பி, அறுபது பேர் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் முதலாளியிடம் ஊசியை மாற்றச் சொல்லுங்கள்.

138_நடத்துனர் · மஹரகம

நீங்கள் சொல்லிப் பாருங்கள் மாமா, நான் வேலையில் இருக்க வேண்டும்.

வடகொழும்பான் · கொட்டாஞ்சேனை

நீங்கள் எல்லோரும் தெற்கிலிருந்து எழுதுகிறீர்கள். ஆமர் வீதிக்கு இந்தப் பக்கம் வந்து பாருங்கள், புகை வேறு மாதிரி.

எங்கள் பக்கம் துறைமுகம் இருக்கிறது, கொள்கலன் லொறிகள் இரவு பகலாக வரிசையில் நிற்கும். களனி ஆற்றோரம் களனிதிஸ்ஸ மின்நிலையம். கொஞ்சம் தள்ளி சபுகஸ்கந்தையில் 1969இலிருந்து சுத்திகரிப்பு நிலையம், பக்கத்திலேயே எண்ணெயில் ஓடும் மின்நிலையம். மழை பொய்த்து நீர்த்தேக்கம் வற்றினால் எண்ணெய் மின்நிலையங்கள் கூடுதலாக ஓடும். மாசி, பங்குனியில் நீங்கள் போடும் ஏ.சி.க்கு எங்கள் பக்கத்துக் குழாயில் புகை. எண்ணெயில் கந்தகம் அதிகம், அது கந்தக டைஒக்சைட்டாக வெளியேறி, காற்றில் கிடந்து மறுபடி நுண்துகளாக மாறும். புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக ஒன்றுமில்லை என்று ஆகாது.

அப்புறம் குப்பை. புளூமெண்டல் குப்பைமேட்டோடு வளர்ந்தவன் நான். மேட்டின் உள்ளே மெதேன் பிடித்து, தானாகவே புகைந்துகொண்டிருக்கும். 2017 சித்திரை வருடப்பிறப்பு அன்று மீதொட்டமுல்லை மேடு சரிந்து 32 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் நாட்டுக்கே குப்பை நினைவு வந்தது. சரிவதற்கு முன் எத்தனை வருடம் அந்தச் சனம் அந்தக் காற்றைக் குடித்தது என்று யாரும் கேட்கவில்லை. இப்போது குப்பை புத்தளம் பக்கத்து அருவக்காட்டுக்குப் போகிறது, கெரவலப்பிட்டியில் 2021இலிருந்து குப்பையில் மின்சாரம் எடுக்கிறார்கள். பெரிய மேடு குறைந்தது. சின்ன நெருப்பு குறையவில்லை. எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் ஒரு பட்டறை இருக்கிறது, இரவு பத்துக்குப் பிறகு வயரை எரித்து செம்பு எடுக்கிறார்கள். பிளாஸ்ரிக் உறை எரியும் மணம் மூக்கில் குத்தும். முறைப்பாடு கொடுத்தால் வந்து பார்க்கிறார்கள், பகலில். பகலில் அங்கே ஒருவரும் எரிப்பதில்லை.

பி.வி.சி. எரிந்தால் டையொக்சின் வரும். உடம்பில் கொழுப்பில் தங்கி வருடக்கணக்கில் போகாத நஞ்சு. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே மாதம் கொழும்புக் கடலில் எரிந்தபோது தொலைக்காட்சி முழுக்க அமில மழை எச்சரிக்கை. எங்களுக்குச் சின்னச் சின்ன எக்ஸ்பிரஸ் பேர்ள் தினம் எரிகிறது, எச்சரிக்கைதான் இல்லை.

வார்டு_தாதி · ராகம

பிள்ளைக்கு எவ்வளவு கூடாது என்று கேட்ட அக்காவுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆண்கள் பஸ்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குதான் இந்த நுண்துகள். பெரிய தூசை மூக்கு மயிரும் சளியும் பிடித்துவிடும், தும்மினால் வெளியே. இது நேராக நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகும், மிகச் சிறியது இரத்தத்துக்குள்ளேயே இறங்கும். அதனால்தான் புகை என்றால் நெஞ்சுச் சளி மட்டும் என்று நினைக்கக் கூடாது. மாரடைப்பு, பாரிசவாதம், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். டீசல் புகையை 2012இலும், வெளிக்காற்று மாசை 2013இலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் முதல் தொகுதியில் சேர்த்தது. சிகரெட் இருப்பதும் அதே தொகுதியில்தான். வெளிப் புகையும் வீட்டுப் புகையும் சேர்த்து உலகில் வருடத்துக்கு சுமார் 70 இலட்சம் பேர் காலத்துக்கு முன் சாகிறார்கள் என்பது அந்த அமைப்பின் கணக்கு.

பிள்ளைகளுக்கு ஏன் கூடுதல்? அவர்கள் எங்களைவிட வேகமாக மூச்சு எடுக்கிறார்கள், ஓடுகிறார்கள், வாயால் மூச்சு விடுகிறார்கள், உயரமும் குறைவு. பஸ்ஸின் புகைக்குழாய் அவர்கள் முகத்துக்குக் கிட்ட. நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. முட்டு இருக்கும் பிள்ளைக்கு மூச்சுக்குழாய் ஏற்கெனவே வீங்கித்தான் இருக்கும், புகை பட்டவுடன் சுருங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு எடை குறைந்த குழந்தை, குறைமாதப் பிரசவம்.

ஆனால் அக்கா, கோபிக்காமல் ஒன்று கேட்கிறேன். வீட்டில் நுளம்புத்திரி கொளுத்துகிறீர்களா? மூடிய அறையில் ஒரு திரி முழுக்க எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. கதவைச் சாத்தி, கட்டிலுக்கடியில் திரியை வைத்து, இந்தியாவைத் திட்டுவோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் இதே கணக்குத்தான். சாமிக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுப் போடுங்கள், யன்னலைத் திறவுங்கள். எரிவாயு கிடைக்காத 2022இல் மாடிவீடுகளின் பல்கனியில் விறகு மூட்டிச் சமைத்தார்களே, அந்த மாதங்களில் எங்கள் பகுதிக்கு வந்த வயதான அம்மாக்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. கொழும்புக்கு வெளியே பாதி நாடு எப்போதும் அப்படித்தான் சமைக்கிறது.

கடற்காற்று · தெஹிவளை

என் அம்மா ஆயுள் முழுக்க விறகடுப்பில் சமைத்தவர். எண்பத்தெட்டு வயது வரை இருந்தார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வார்டு_தாதி · ராகம

அம்மாவுக்கு நல்ல உடம்பு ஐயா. ஐம்பத்தெட்டில் போனவர்களின் பிள்ளைகள் இங்கே வந்து அதை எழுதுவதில்லை.

காற்றுமானி · நுகேகொடை

நாம் பேசாத ஒன்று எண். என்னைப் பொறுத்தவரை இதுதான் முழு விவகாரத்தின் முடிச்சு, எவரும் அவிழ்ப்பதில்லை.

இலங்கையில் வளித்தரத்துக்குச் சட்ட வரம்பு இருக்கிறது. 1994இல் வந்த ஒழுங்குவிதியை 2008 ஓகஸ்ட்டில் திருத்தி, நுண்துகளையும் சேர்த்தார்கள். ஒரு நாள் சராசரி கன மீற்றருக்கு 50 மைக்ரோகிராம், வருடச் சராசரி 25. அந்த நேரம் உலக சுகாதார அமைப்பு சொன்ன அளவு 25உம் 10உம். 2021இல் அவர்கள் அதை 15, 5 என்று இறக்கினார்கள். நாங்கள் 2008லேயே நிற்கிறோம்.

இதனால் என்ன நடக்கிறது? அம்மா பார்க்கும் செயலி அமெரிக்கக் கணக்கில் நிறம் காட்டுகிறது. கன மீற்றருக்கு 50 மைக்ரோகிராம் நுண்துகள் உள்ள காற்று அந்த அமெரிக்கச் சுட்டெண்ணில் கிட்டத்தட்ட 137. அதாவது செம்மஞ்சள், பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் கூடாது. அதே காற்று எங்கள் சட்டப்படி வரம்புக்குள். ஆகவே அதிகாரி ஒருவர் "அளவு வரம்பைத் தாண்டவில்லை" என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அம்மாவின் செயலியும் பொய் சொல்லவில்லை. பிள்ளை இருமுகிறான், இரண்டு கணக்கும் சரியாக இருக்கிறது.

வருட வரம்புதான் இன்னும் முக்கியம். இந்தியாவிலிருந்து வரும் நாட்கள் பெரிதாகத் தெரியும், செய்தியாகும், பாடசாலைக்கு விடுமுறை வரும். ஆனால் நெஞ்சுக்கு வினை செய்வது ஒருசில மோசமான நாட்கள் மட்டும் இல்லை. வருடம் முழுக்க, கெட்ட நாளும் நல்ல நாளும் கலந்து, விடாமல் இழுக்கும் அளவு. அதில் காலி வீதிக்கும் மருதானைக்கும் ஆமர் வீதிப் பட்டறைக்கும் பெரிய பங்கு. "எல்லாம் இந்தியா" என்று சொல்வது வசதியாக இருப்பதற்குக் காரணம், அதற்கு யாரும் ஊசி மாற்றத் தேவையில்லை.

சான்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச் 20 ஊரடங்கு. வாகனம் நின்றவுடன் கொழும்பின் நைதரசன் டைஒக்சைட்டு விழுந்தது. இந்தியக் காற்றை யாரும் நிறுத்தவில்லை. 2022 ஜூன் 27இலிருந்து ஜூலை 10 வரை எரிபொருள் நிறுத்தியதையும் சிலர் உதாரணம் காட்டுவார்கள். நான் காட்ட மாட்டேன், அது தென்மேற்குப் பருவம், காற்று எப்படியும் சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

கடற்காற்று · தெஹிவளை

சரி, சட்டத்தில் 15 என்று எழுதிவிடலாம். எழுதினால் காற்று குறைந்துவிடுமா? கந்தகம் குறைந்த டீசலுக்கு யார் காசு கொடுப்பது? மின்சாரப் பஸ்ஸுக்கு? கடனைக் கட்ட முடியாமல் மறுசீரமைத்த நாடு தம்பி இது. 50ஐயே பிடிக்க முடியாதவன் 15 என்று எழுதி என்ன பயன்?

காற்றுமானி · நுகேகொடை

ஒரேயடியாக 15 வேண்டாம். இடையில் 37.5, 25 என்று படிகளை அந்த அமைப்பே கொடுத்திருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் திட்டம் போடுகிறவருக்கு இலக்கே இல்லை. புதிய மேம்பாலம் கட்டும்போது, மின்நிலையத்துக்கு அனுமதி கொடுக்கும்போது, 2008 எண்ணைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். எல்லாம் "வரம்புக்குள்" வருகிறது. காசு வேண்டாத வேலையும் நிறைய இருக்கிறது. மாமா சொன்ன திடீர்ப் பரிசோதனைக்கு டொலர் தேவையில்லை.

அளக்கும் கருவிகளும் குறைவு. அமெரிக்கத் தூதரகக் கருவியின் தரவைத்தான் பலர் பார்த்தார்கள், 2025 மார்ச்சில் அவர்கள் உலகம் முழுக்கப் பகிர்வதை நிறுத்திவிட்டார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் அளக்கின்றன, ஆனால் பிறர் வீட்டுக் கருவியை நம்பி இவ்வளவு காலம் இருந்தோம் என்பது நல்ல செய்தியில்லை.

கடற்காற்று · தெஹிவளை

திடீர்ப் பரிசோதனையில் பொலிஸாருக்குத்தான் வருமானம் கூடும். ஆனால் படிகளாக என்றால் எனக்கு மறுப்பில்லை.

மலைநாட்டான் · புறக்கோட்டை

பதுளையிலிருந்து வந்து ஐந்தாம் குறுக்குத்தெருவில் கடையில் நிற்கிறேன். எல்லோரும் யன்னல், பல்கனி, செயலி என்று எழுதுகிறீர்கள். நாட்டாமிமார் காலை நாலு மணிக்கு லொறிப் புகைக்குள் மூட்டை இறக்குகிறார்கள். பாரம் தூக்குகிறவன் இரண்டு மடங்கு மூச்சு இழுக்கிறான், அதுவும் அந்த மூடி போட்ட நேரத்தில். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஐம்பது கிலோ தூக்கிப் பாருங்கள். சந்தியில் நிற்கும் போக்குவரத்துப் பொலிஸ்காரர், வடை விற்கும் அம்மா, ஓட்டோக்காரர், இவர்களுக்கு மூட யன்னல் இல்லை. லொறி எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கினால் போதும், கடைக்காரர் சங்கம் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். சொல்ல மாட்டார்கள். மறுபடி ஸ்ரார்ட் எடுக்காதோ என்று சாரதிக்குப் பயம், பற்றரி பழசு.

மாடிவீட்டு_அம்மா · வெள்ளவத்தை

எல்லோருக்கும் நன்றி. நுளம்புத்திரி விஷயம் தெரியவே தெரியாது, இன்றே நிறுத்தினேன், வலை வாங்கியாயிற்று. மாமி சாம்பிராணிக்கு மட்டும் சமரசம் பேசுகிறார். எங்கள் பிளாட் மூன்றாம் மாடி, முன்பக்கம் காலி வீதி, பின்பக்கம் கடல். எந்த யன்னலை எப்போது திறப்பது? ஏ.சி. போட்டால் சுத்தமாகுமா? முகக்கவசம் எது?

காற்றுமானி · நுகேகொடை

முன்பக்கத்தைக் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரையும் பின்னேரம் ஐந்திலிருந்து எட்டு வரையும் சாத்திவையுங்கள். இரண்டு பக்கமும் உயரமான கட்டடம் இருக்கும் வீதியில் புகை மேலே போகாமல் உள்ளேயே சுற்றும், மூன்றாம் மாடிக்கும் வரும். கடல்பக்கத்தை மதியத்துக்குப் பிறகு நன்றாகத் திறவுங்கள், அந்த நேரம் கடலிலிருந்து அடிக்கும். எல்லா ஊரும் ஒன்றாக ஏறிய நாளென்றால் எந்தப் பக்கமும் பயனில்லை, இரண்டையும் சாத்துங்கள். வீட்டு ஏ.சி. உள்காற்றையே சுற்றிக் குளிர்விக்கும், அதன் வலை பெரிய தூசைத்தான் பிடிக்கும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள கருவி பிள்ளையின் அறைக்கு மட்டும் வாங்கினால் போதும். ஓசோன் விட்டுச் சுத்தமாக்குவதாகச் சொல்லும் கருவி கிட்டவே வேண்டாம், ஓசோன் முட்டு வருத்தத்தைக் கூட்டும். முகக்கவசம் என்றால் என்95 வகை, முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். துணியும் நீலக் கவசமும் ஓரத்தால் விட்டுவிடும்.

வார்டு_தாதி · ராகம

பாடசாலைக்கு நடந்து போவதென்றால் காலி வீதியை விட்டு மரைன் டிரைவ் பக்கமாகப் போங்கள். நூறு, நூற்றைம்பது மீற்றர் விலகினாலே வாகனப் புகை நன்றாகக் குறையும். முட்டு வராமல் தடுக்கும் பம்பை (இன்ஹேலரை), அவசரத்துக்கு இழுக்கும் நீலம் இல்லை, மற்றது, இருமல் இல்லாத நாளிலும் டொக்டர் சொன்னபடி எடுக்க வேண்டும். முக்கால்வாசிப் பெற்றோர் இருமல் நின்றதும் நிறுத்திவிடுவார்கள், அடுத்த மார்கழியில் எங்களிடம் வருவார்கள்.

மாடிவீட்டு_அம்மா · வெள்ளவத்தை

நடப்பதில்லை, பாடசாலை வேனில் போகிறான். வேன் எங்கள் வாசலில் எல்லாப் பிள்ளைகளும் வரும்வரை எஞ்சினை ஓடவிட்டுத்தான் நிற்கும். புகை நேராகப் படிக்கட்டுக்குள் வருகிறது. அணைக்கச் சொல்லலாமா?

138_நடத்துனர் · மஹரகம

தாராளமாகச் சொல்லலாம் அக்கா. ஆனால் ஏ.சி. வேன் என்றால், அணைத்த இரண்டாவது நிமிடம் மற்றப் பிள்ளையின் அம்மா சாரதிக்குப் போன் எடுப்பார், பிள்ளை வேர்த்துப் போகிறது என்று. முதலில் அம்மாமாரின் குழுவில் போட்டுப் பேசிவிட்டுச் சாரதியிடம் போங்கள்.

மாடிவீட்டு_அம்மா · வெள்ளவத்தை

குழுவில் போட்டுவிட்டேன். நான்கு பேர் சரி என்றார்கள். ஒருவர், எல்லாம் இந்தியாவிலிருந்து வருவது, வேனை அணைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறார். அவருக்கு இந்த இழையை அனுப்புகிறேன்.